நூரிஸின் தொண்டையில் மாட்டிய முள்

நூரிஸ் பெர்த்தூஸின் தொண்டையில் மீன் முள் மாட்டிக்கொண்டது என்று தெரிந்ததும் எல் ரெமான்சோ ஊரில் பாதிப் பேர் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார்கள். மீதிப் பாதிப் பேர் வெளிப்படையாகவே சந்தோஷப்பட்டார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மக்தலேனா ஆற்றின் படகுத்துறையில் அரேப்பா என்கிற, முட்டை வைத்த சோள அடை பொரித்து விற்கிறவள் நூரிஸ். எண்ணெய் கொதிப்பதற்கு முன்பே அவள் வாய் கொதிக்க ஆரம்பித்துவிடும். ஆற்றைக் கடக்க வருகிறவர் யாராக இருந்தாலும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை வாங்காமல் படகேற முடியாது. படகு ஓட்டுகிற ரோசெந்தோ தாமதமாக வந்தால், "வாய்யா மகராசா, ஆறு ஓடிப்போயிடும்னு நாங்கதான் பிடிச்சு வச்சுக்கிட்டு நிக்கிறோம்" என்பாள். துறைக்குக் கூரை போடுவதாக ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு அடிக்கல் நட்டுவிட்டுப் போகும் மேயரை, "கல்ல நட்டு நட்டுத் தண்ணியும் ஊத்திட்டீங்க, கூரை எப்பங்கய்யா முளைக்கும்?" என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டிருக்கிறாள். அவள் புருஷன் மேலாற்றுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவன் அங்கேயே ஒரு புதுக் குடும்பத்தை இறக்கி வைத்துவிட்டான். காது வலி தாங்காமல் போனான் என்று ஊரில் பேச்சு. அதை அவள் காதுபடச் சொல்ல மட்டும் இன்றுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை.

"மனசுல வச்சுக்கிட்டா எனக்குப் புண்ணு. வாயில விட்டா கேக்கறவனுக்குப் புண்ணு. எனக்கு எதுக்கு வம்பு?" என்பது அவள் கொள்கை. அப்படிப்பட்டவளின் தொண்டையில் போய் ஒன்று மாட்டுகிறது என்றால் ஊருக்கு அது திருவிழாதானே.

இங்கே போகாச்சிகோ மீனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆண்டவர் இந்த மீனைப் படைக்கும்போது முதலில் முள்ளை எல்லாம் செய்து முடித்துவிட்டு, மிச்சமிருந்த இடத்தில் போனால் போகிறதென்று கொஞ்சம் சதையைத் தடவியிருக்க வேண்டும். ஆனால் ருசியென்றால் அதுதான் ருசி. அதனால் அதன் இரண்டு பக்கமும் கத்தியால் நெருக்க நெருக்கமாகக் கீறல் போடுவார்கள். ஒழுங்காகக் கீறிக் கொதிக்கிற எண்ணெயில் விட்டால் முள்ளெல்லாம் பொடிந்து சதையோடு சதையாகிவிடும். கொஞ்சம் கவனம் தப்பினால் தின்கிறவன் பாடு திண்டாட்டம்.

ஆகவே எல் ரெமான்சோவில் ஒருவர் தொண்டையில் முள் மாட்டினால், பார்த்துத் தின்னக்கூடாதா என்று யாரும் கேட்பதில்லை. "கீறினது யாரு?" என்றுதான் கேட்பார்கள். அந்த முள் இறங்குகிற வரைக்கும் கீறியவள் வேறொரு வீட்டு மீனைத் தொடக்கூடாது. ஆற்றைத் தாண்டி வெளியூர் போகவும் கூடாது. இது யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. நாட்டின் மற்ற சட்டங்களை எல்லாம் யார் போட்டார்கள் என்று நன்றாகத் தெரியும், ஆனால் அவற்றை ஒருவரும் மதிப்பதில்லை. புருஷனை ஏமாற்றியவளைக்கூட இந்த ஊர் அடுத்த திருவிழாவுக்குள் மன்னித்துவிடும். முள் வைத்தவளை மட்டும் அவள் பேத்தி கல்யாணத்திலும் சொல்லிக் காட்டும்.

நடந்தது ஜனவரி முதல் வாரத்தில், மூன்று ராஜாக்கள் திருநாளன்று. ஆற்றில் மீன் கூட்டம் கூட்டமாக எதிர்நீச்சலில் ஏறி வருகிற காலம். நூரிஸின் அண்ணி பெத்சபேயின் கொல்லையில், மாமரத்தடியில் குடும்பம் முழுக்கக் கூடியிருந்தது. மீன் எல்லாவற்றையும் கீறியது நூரிஸின் ஒரே மகள் யாமிலே. இருபத்தாறு வயசாகிறது, இத்தனை பேருக்கு அவள் கீறுவது அதுதான் முதல் தடவை. பெத்சபே பக்கத்திலேயே நின்று கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, "பரவால்ல, உங்கம்மா நாக்கு மாதிரியே உன் கத்தியும் நல்லாத்தான் வெட்டுது" என்றாள். அந்த வீட்டில் அதற்குப் பாராட்டு என்று பேர்.

தேங்காய்ச் சோறும் மரவள்ளிக்கிழங்கும் பொரித்த மீனுமாக ஆளுக்கொரு தட்டு மடிக்கு வந்தது. யாரும் கை வைப்பதற்கு முன்னால் யாமிலே எழுந்து நின்றாள்.

"எல்லாரும் சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எனக்கு வேலை கிடைச்சிருக்கு. சிலியில, அந்தோஃபகாஸ்தால. சுரங்கத்து ஆளுங்களுக்குச் சமைக்கற இடம். நானூறு பேருக்கு ஆக்கணுமாம். அடுத்த வாரம் கெளம்பறேன்."

அத்தனை தலையும் நூரிஸ் பக்கம் திரும்பியது. வெடிக்கப் போகிற பட்டாசைப் பார்க்கிற ஆசைதான். நூரிஸுக்கும் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. மழையே பெய்யாத ஊராமே, அங்கே போய் எதைக் கழுவி எதை ஆக்குவ? நானூறு ஆம்பளைங்களா, நான் ஒருத்தனுக்கு ஆக்கிப் போட்டு என்னடி கண்டேன்? எனக்கு ஒண்ணுன்னா தூக்கிப் போட யாருடி வருவா? எல்லாம் வரிசை கட்டித் தொண்டைவரை வந்துவிட்டன. அப்போதுதான் மகளின் முகத்தைப் பார்த்தாள். அடி விழப்போகிறது என்று தெரிந்து, தாங்கிக்கொள்ளலாம் என்று தாடையைக் கொஞ்சம் தூக்கி நிற்கிற முகம்.

"நல்லதுடி" என்றாள் நூரிஸ்.

அவ்வளவுதான். குடும்பமே ஏமாந்துபோனது. வரிசையில் நின்ற வார்த்தைகளை அவள் ஒவ்வொன்றாக மென்று விழுங்கினாள். எல்லாமே இறங்கிவிட்டதா என்பதுதான் சந்தேகம்.

அதே நேரத்தில் அவள் மடியிலிருந்த தட்டில் ஒரு கை நீண்டது. பெத்சபேயின் பூனையின் கை. நாள் முழுக்கத் தூங்கிவிட்டு அடுத்தவர் தட்டில் கை வைப்பதால் அதற்கு மேயர் என்று பேர் வைத்திருந்தார்கள். நூரிஸ் தொட்டுக்கூடப் பார்க்காத மீனை மேயர் தலையோடு கவ்விக்கொண்டு மாமரத்துக்குப் பின்னால் போனது. மற்ற நாளாக இருந்தால் செருப்பு பறந்திருக்கும். அன்றைக்கு அவள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். எச்சிலை விழுங்கினாள். நடுவில் ஏதோ தடுத்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் விழுங்கினாள். மறுபடியும் அதே இடத்தில் அதே தடுப்பு.

பெத்சபே அவள் கழுத்தைப் பார்த்தாள், மீன் இல்லாத தட்டைப் பார்த்தாள், கூச்சல் போட்டாள். "ஐயய்யோ, முள்ளு! அதானே பாத்தேன், இவ வாயடைச்சுப் போனா அது மனசாலயா இருக்கும்? மீன அப்படியே முழுங்கியிருக்கா!"

பூனை தின்றுவிட்டது என்று சொல்லத்தான் நூரிஸ் வாயைத் திறந்தாள். அதற்குள் யாமிலே ஓடிவந்து அவள் காலடியில் மண்டி போட்டாள்.

"நானாம்மா? என் கீறலாம்மா? எப்படிச் சொல்லப் போறோமோன்னு காலையிலேர்ந்து கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சும்மா, அதுல எங்கயோ விட்டிருக்கேன்." அவள் கண் கலங்கிவிட்டது. "நீ பயப்படாத. இது இறங்கற வரைக்கும் நான் எங்கயும் போகல."

நூரிஸ் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பமானது. இந்த ஊரில் டாக்டர் கிடைப்பதுதான் கஷ்டம், வைத்தியர்களுக்குக் குறைவில்லை. பெத்சபே ஆறிப்போன சோற்றை உருண்டை பிடித்துக் கொடுத்து மெல்லாமல் விழுங்கச் சொன்னாள். இன்னொருத்தி பழுத்த வாழைப்பழம். ரோசெந்தோ முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தான். அதில் வைத்தியம் கொஞ்சம்தான், பல வருஷத்துப் பாக்கி மீதி. சோறு இறங்கியது, வாழைப்பழம் இறங்கியது, மரவள்ளி இறங்கியது. எல்லாம் இறங்கிய பிறகு வெறும் எச்சிலை விழுங்கினால் அது மட்டும் அங்கேயே நின்றது.

கடைசியாக வந்தது பூனைக் கை. முள் மாட்டியவர் தொண்டையைப் பூனையின் முன்னங்காலால் மேலிருந்து கீழே தடவினால் முள் பயந்து இறங்கிவிடுமாம். பெத்சபே மேயரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தின்ற கையாலேயே தடவ வேண்டியிருந்தது. பூனை நூரிஸின் கண்ணைப் பார்த்தது. நூரிஸ் பூனையின் கண்ணைப் பார்த்தாள். இருவரில் யாருக்கு வெட்கம் அதிகம் என்று சொல்ல முடியாது. நிச்சயமாகப் பூனைக்கு இல்லை.

"எப்படி இருக்கு அண்ணி?" என்று கேட்டாள் பெத்சபே. உறவுமுறைக்கு நூரிஸ்தான் அவளை அண்ணி என்று கூப்பிட வேண்டும். ஆனால் வயசில் நூரிஸ் மூத்தவள் என்பதை ஊருக்கு ஞாபகப்படுத்த அவள் வைத்திருந்த வழி அது.

"உன் பூனைக்கு உன்னவிட கை சுத்தம்" என்றாள் நூரிஸ். குரல் வழக்கம்போல ஏறவில்லை. பெத்சபே பரிதாபத்தோடு தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அந்தப் பரிதாபம் அவளுக்கு ஒரு விருந்துச் சாப்பாட்டுக்குச் சமம் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

பிறகு சுகாதார நிலையத்துக்கு யாமிலே இழுத்துக்கொண்டு போனாள். தலைநகரிலிருந்து கட்டாயச் சேவைக்கு அனுப்பப்பட்ட இளம் டாக்டர் பர்ரா அங்கே இருந்தார். மலைநாட்டுக்காரர், எதைச் சொன்னாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொல்லுவார். யாமிலேயை வெளியில் உட்காரச் சொல்லிவிட்டு, விளக்கு வைத்துப் பார்த்தார், கண்ணாடி வைத்துப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"சாப்பாடு இறங்குதாங்கம்மா?"

"ஊரே ஊட்டி விடுது, இறங்காம?"

"வலிக்குதா? எடை குறைஞ்சிருக்கா?"

"என்னப் பாத்தா குறைஞ்ச மாதிரியா இருக்கு?"

"மன்னிக்கணும். சாப்பாடு நல்லா இறங்கி, எச்சில் முழுங்கறப்ப மட்டும் தடுக்குதுன்னா அது முள்ளு இல்லம்மா. அங்க ஒண்ணுமே இல்ல. ஆனா நீங்க பொய் சொல்லறதாவும் அர்த்தம் இல்ல. தொண்டைத் தசை இறுகிக்கிட்டா பந்து மாட்டின மாதிரி இருக்கும். கவலை, துக்கம், எதையாவது அடக்கி வைக்கறது, இதுல கூடும். வீட்டுல ஏதாவது...?"

"டாக்டர் தம்பி, எங்க ஊருல துக்கம் வந்தா கண்ணுல தண்ணி வரும். உங்க மலையில அது தொண்டையில வருதா? குளிரு ஜாஸ்தியோ?"

"இங்கயும் வரும்மா" என்றார் அவர், மன்னிப்புக் கேட்கிற அதே குரலில். "அழாதவங்களுக்கு."

நூரிஸ் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்தபோது யாமிலே எழுந்து, "என்னம்மா சொன்னாரு?" என்றாள்.

"ஆழமா இருக்காம். தானா இறங்கணுமாம்" என்றாள் நூரிஸ். யோசித்துப் பார்த்தால் அதில் பொய் என்று எதையும் சொல்ல முடியாது. அவளும் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

இப்படியாக யாமிலே போகவில்லை. காலையில் கறுப்புக் காப்பி போட்டுக் கொடுத்தாள். துறைக்கு அடுப்பைத் தூக்கி வந்தாள். அந்தோஃபகாஸ்தாவிலிருந்து போன் வரும்போதெல்லாம் தள்ளிப் போய் நின்று, "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க, அம்மாக்கு உடம்பு சரியில்ல" என்று கெஞ்சினாள். நூரிஸ் அரேப்பாவைத் திருப்பிப் போடுகிற சாக்கில் முழுவதையும் கேட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, சொல்லப்போனால். ஆனால் இந்தத் தொண்டைக்கு என்ன கேடு? பெண் போகிறாள் என்று வந்தது, பெண் போகவில்லை என்றால் இறங்க வேண்டாமா? நியாயம் என்று ஒன்று இல்லையா? இறங்குவதற்குப் பதில் அது நாளுக்கு நாள் பெருத்தது. முதலில் பயறு அளவு இருந்தது, பிறகு எலுமிச்சை அளவு ஆனது. எச்சிலை விழுங்கி விழுங்கி வாயே வறண்டது. படகுத்துறையில் சத்தம் குறைந்துபோய், ஆற்றின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மேயர், பூனை இல்லை, ஓட்டு வாங்கிய மேயர், ஒருநாள் வந்து நின்று நிதானமாக இரண்டு அரேப்பா தின்றுவிட்டு, "உடம்பப் பாத்துக்கோம்மா, அவசரமே இல்ல" என்று சொல்லிப் போனார்.

யாமிலேயை மட்டும் யாரும் மீன் கீறக் கூப்பிடவில்லை. மீன் காலத்தில் வீட்டுக்கு வீடு கூடிக் கீறுவார்கள். அவள் போனால், "நீ உக்காரும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று அன்பாகச் சொல்லிக் கத்தியை எடுத்து மறுபக்கம் வைத்துவிடுவார்கள். அவள் கேட்காத தூரம் போகிற வரைக்கும் பொறுத்திருக்கவும் மாட்டார்கள். "பெத்த தாய்க்கே முள்ளு வச்சவ, சிலிக்காரனுக்கு ஆக்கிப் போடப் போறாளாம். அவன் சண்டைக்கு வரப்போறான் பாரு."

ஒரு மத்தியானம் நூரிஸ் எண்ணெய் தீர்ந்து சீக்கிரம் வீடு திரும்பினாள். கொல்லையில் கத்திச் சத்தம் கேட்டது. யாமிலே கிணற்றடியில் குந்தி, சந்தையில் யாரும் வாங்காத நைந்துபோன மீன்களை வாங்கி வந்து கீறிக்கொண்டிருந்தாள். கீறுவாள், விரலால் சதையைப் பிரித்துப் பார்ப்பாள், முள் தட்டுப்பட்டதோ இல்லையோ, தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். இடது கை விரல்களில் துணி சுற்றியிருந்தது. ஒரு துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

"என்னடி இது கூத்து?"

"எங்க விட்டேன்னே தெரியலம்மா" என்றாள் யாமிலே நிமிராமல். "எல்லாம் சரியாத்தான் வருது. ஆனா அன்னிக்கும் சரியாத்தான் வர்றதா நெனச்சேன்." கத்தியைக் கீழே வைத்தாள். "நான் போகலம்மா. சான் பிளாஸ் திருநாள் முடிஞ்சதும் போன் பண்ணி வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடறேன். அம்மாக்கு ஒரு மீனக் கீறத் தெரியாதவ நானூறு பேருக்கு என்னத்த ஆக்கிக் கிழிக்கப் போறேன்? அங்க போய் யார் தொண்டையிலயாவது மாட்டிச்சுன்னா?"

நூரிஸ் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். நான் போகலம்மா. அது கிடைத்துவிட்டது. கிணற்று மேடையில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். தண்ணீர்கூடத் தொண்டையில் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கியது. மகளின் விரல்களைப் பார்க்க அவளால் முடியவில்லை. தன்னை நினைத்துத் தனக்கே அருவருப்பாக இருந்தது.

சான் பிளாஸ் தொண்டைக்கான புனிதர். தொண்டையில் முள் மாட்டிய பிள்ளையைக் காப்பாற்றியவர் என்பதால் போகாச்சிகோ தின்கிற ஊர்களில் அவருக்கு மற்ற புனிதர்களைவிட வேலை அதிகம். பிப்ரவரி தொடக்கத்தில் அவர் திருநாளன்று கோயிலில் வரிசையில் நிற்பார்கள். ஊர்ப் பாதிரியார் பாத்ரே எவெலியோ இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகப் பிடித்து ஒவ்வொருவர் தொண்டையிலும் வைத்து ஜெபிப்பார். முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஊருக்கே மீன் பொரித்துச் சாப்பாடு. கீறுகிற பெண்கள் நடுவில் நீள மேஜையில் நிற்பார்கள். அந்த வருஷம் யாமிலேவுக்கு ஓரத்தில் மரவள்ளி உரிக்கிற வேலை கொடுத்திருந்தார்கள். வரிசை கோயில் வாசலைத் தாண்டி முற்றம்வரை நீண்டதால் பாத்ரேயும் வாசலுக்கே வந்து நின்றுகொண்டார்.

நூரிஸின் முறை வந்தது. முள் வெளியே வந்து விழுவதைப் பார்க்கச் சிலர் எக்கி நின்றார்கள். மெழுகுவர்த்தி இரண்டும் அவள் கழுத்தை அணைத்தன. பாத்ரே கண்ணை மூடி, "சான் பிளாஸின் வேண்டுதலால், தொண்டை நோயிலிருந்தும் மற்ற எல்லாத் தீமையிலிருந்தும்..." என்று ஆரம்பித்தார்.

"பாத்ரே, கொஞ்சம் மெழுகுவத்திய எடுங்க."

அவர் கண்ணைத் திறந்தார். "ஏம்மா, சுடுதா?"

"சுடல. பேசணும்." நூரிஸ் திரும்பி முற்றத்தைப் பார்த்தாள். ஒரு மாசத்துக்குப் பிறகு அவள் குரல் ஊர் முழுக்கக் கேட்டது. "எல்லாரும் கேட்டுக்குங்க, அப்புறம் அவ சொன்னா இவ சொன்னான்னு வரக்கூடாது. அன்னிக்கு நான் மீனே திங்கல. என் பங்க பெத்சபே வீட்டுப் பூனை தின்னுச்சு. தலையோட, வாலோட, முள்ளோட தின்னுச்சு. அதுக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் திரியுது. என் பொண்ணு கீறினதுல தப்பு இல்ல. அவ கை சுத்தம்."

"பூனையா?" என்றார் பாத்ரே. கையிலிருந்த மெழுகுவர்த்தி ஒழுகி அவர் அங்கியில் விழுந்தது.

"என் வீட்டு மீன பூனைக்குப் போட்டுட்டு ஒரு மாசமா என்கிட்டயே சோத்துருண்டை வாங்கித் தின்னியா நீ?" என்று பெத்சபே வரிசையை உடைத்துக்கொண்டு வந்தாள். "மேயரு கையால வேற தடவிக்கிட்டயே, பாவி!"

"நானா போடச் சொன்னேன்? உன் பூனைக்கு நீ கத்துக்கொடுத்த லட்சணம்."

சிரிப்பு கிளம்பியது. யாமிலே மரவள்ளியைப் போட்டுவிட்டு எழுந்து வந்ததும் அது அடங்கியது. அவள் தாயின் எதிரில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஒரு மாசமா என் கையப் பாத்துப் பாத்து அழுதேன்" என்றாள். "உனக்குத் தெரியும். நீ பாத்துக்கிட்டே இருந்த. காப்பி நல்லாருக்குன்னு வேற சொன்ன. ஊரே என்னப் பாத்து 'நீ உக்காரும்மா'ன்னுச்சே, அப்பல்லாம் உன் வாய் எங்க போச்சு? ஊருல உள்ளவனுக்கெல்லாம் வாரி வாரிக் குடுப்பியே, பெத்த பொண்ணுக்காக ஒரு வார்த்த எடுக்க அவ்வளவு கருமித்தனமா?"

பேச்சில் பெண் தாயை மிஞ்சிவிட்டாள் என்று அன்றைக்கே ஊர் முடிவு கட்டிவிட்டது. நூரிஸ் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா?" என்றாள் யாமிலே கடைசியில். குரல் இறங்கிவிட்டது. "ஏன் அப்படிச் செஞ்ச?"

ஏன் என்று சொல்ல நூரிஸ் வாயைத் திறந்தாள். அத்தனை பேர் எதிரில் பூனையைச் சொல்ல முடிந்தது, பொய்யைச் சொல்ல முடிந்தது. இதைச் சொல்ல வரவில்லை. "அங்க எண்ணெ காயுது பாரு, போ" என்றாள்.

யாமிலே நீள மேஜைக்குப் போய்க் கத்தியை எடுத்தாள். பெண்கள் தள்ளி நின்று நடுவில் இடம் விட்டார்கள். அன்றைக்கு அவள் கீறிய மீனை ஊரே தின்றது. யாருக்கும் எதுவும் மாட்டவில்லை. பெத்சபே மட்டும் சந்தேகத்துக்கு மேயருக்கு ஒரு துண்டு போட்டுப் பார்த்துவிட்டுத் தின்றாள்.

அந்த வாரமே யாமிலே கிளம்பினாள். துறையில் ரோசெந்தோ படகை முடுக்கிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, அவசரப்படுத்தாமல் காத்திருந்தான். நூரிஸ் நாலு அரேப்பாவைத் துணியில் கட்டிக் கொடுத்தாள்.

"இறங்கிடுச்சாம்மா?" என்று கேட்டாள் யாமிலே, கழுத்தைக் காட்டி.

"எப்பவோ."

"நெஜமா?"

"போடி. படகுக்காரன் கெழவனாயிடுவான்."

படகு திரும்பி வளைவைத் தாண்டியது. நூரிஸ் எச்சிலை விழுங்கினாள். அது அங்கேயேதான் இருந்தது. எண்ணெய் புகைவதைப் பார்த்து உட்கார்ந்து, துறையில் நின்ற அத்தனை பேரையும் ஒருவர் விடாமல் திட்டித் தீர்த்தாள். பழைய நூரிஸ் திரும்பி வந்துவிட்டாள் என்று மக்கள் கவலைப்பட்டார்கள்.

புனித வாரம் நெருங்குகிற சமயம், ஒரு காலை வேளையில் போன் அடித்தது. அரேப்பா கரண்டியைக் கீழே வைக்காமலே நூரிஸ் எடுத்தாள். அந்தப் பக்கம் யாமிலே வேலை எப்படி, அறை எப்படி, காற்றில் எவ்வளவு மண் என்று வேகவேகமாகச் சொன்னாள். சுரங்கத்து ஆட்கள் அவள் சமையலுக்காகச் சீக்கிரமே வரிசையில் வந்து நிற்கிறார்களாம். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும், சிரிக்கக் கூடாது. ரெண்டு வாரமா தொண்டையில என்னமோ மாட்டிக்கிட்டு இருக்கு. சாப்பிட்டா ஒண்ணும் தெரியல. சும்மா இருக்கறப்பதான். எச்சில் முழுங்கினா நிக்குது."

"மீன் தின்னியா?"

"இந்தச் சுரங்கத்துப் பாலைவனத்துல மீனுக்கு எங்க போறது? வெறும் ரொட்டியும் பீன்ஸும்தான்."

"ரொட்டிய ஒழுங்காக் கீறியிருக்க மாட்டாங்க" என்றாள் நூரிஸ். பழக்கத்தில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

துறையில் நாலைந்து பேர் அரேப்பாவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ரோசெந்தோவும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். எண்ணெயில் கிடந்தது கருக ஆரம்பித்தது. நூரிஸ் அதைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தாள், அன்றைக்குப் பூனையைப் பார்த்துக்கொண்டு இருந்த மாதிரி. பிறகு, ஊர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று, வாயைத் திறந்தாள்.

"அது முள்ளு இல்லடி" என்றாள். "அது நான். எனக்குள்ள நீ இருக்க பாரு, அதே இடத்துல. நீ போகக் கூடாதுன்னு இருந்துச்சு எனக்கு. சொல்ல வாய் வரல. நீ இல்லாம எனக்கு இங்க ஒண்ணுமே பிடிக்கலடி."

சொல்லி முடித்ததும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அடுப்புப் புகை என்று யாரிடமும் சொல்லவில்லை. போனின் அந்தப் பக்கம் மழையே பெய்யாத ஊரில் யாமிலே வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். வரிசையில் நின்றவர்கள் ஆற்றைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார்கள். ரோசெந்தோ மட்டும் பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்னய்யா பாக்கற?" என்றாள் நூரிஸ், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கருகினத உனக்குத்தான் குடுக்கப் போறேன்."